மூன்று கல் மட்டம்

சவரக்கத்தி பிடித்த கை போன வருஷத்திலிருந்து நடுங்குகிறது. நடுங்குகிற கைக்குத் தன் தொண்டையை நீட்ட எந்த மனிதனுக்கும் மனசு வராது, அது நியாயம்தான். அதனால் இப்போது கடையில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டு, வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சிலேயே நானும் உட்கார்ந்துகொள்கிறேன். பத்திரிகையை உரக்க வாசிப்பது, வருகிறவர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது, கடையில் வேலை பார்ப்பவர்கள் கத்தி தீட்டும்போது குறை சொல்வது, இந்த மூன்றும்தான் என் உத்தியோகம். மூன்றாவதைத்தான் நன்றாகச் செய்கிறேன் என்று பேர்.

சென்ற வாரம் மதுரையிலிருந்து புதுத் தீட்டுக்கல் ஒன்று வாங்கி வந்தார்கள். அட்டைப்பெட்டி, அதன்மேல் இங்கிலீஷ் எழுத்து. பிரித்த கையோடு கத்தியை அதன்மேல் வைக்கப் போனார்கள். கல்லை மட்டம் பார்த்தாச்சா என்று கேட்டேன். கம்பெனிக்காரன் பார்க்காமலா அனுப்புவான் என்று சிரித்தார்கள். கம்பெனிக்காரன் கல்லை அனுப்பிவிட்டு அவன் சோலியைப் பார்ப்பான். காரைக்குடிக்காரன் கன்னத்துக்கு அவனா வந்து பதில் சொல்லப் போகிறான்? இதை வாயால் சொன்னால் கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். எழுதிவிட்டால் கூட்டமில்லாத மத்தியான வேளையிலாவது படிப்பார்கள்.

நான் தொழில் பழகிய கதை நீளமில்லை. கவிழ்த்த பானையில் அடுப்புக்கரியைப் பூசி, பானை கீறாமல் கரியை மட்டும் வழித்தெடுக்கப் பழகினேன். பிறகு சித்தப்பா தலை. அவர் பொறுமைசாலி, வழுக்கையும்கூட, அதனால் சேதம் குறைவு. கல்யாணமாகி, இரண்டு ஊரில் வீடுவீடாகப் போய்ச் சவரம் செய்து சலித்தபிறகுதான் காரைக்குடியில் கருப்பையா அண்ணன் கடையில் வந்து சேர்ந்தேன். எனக்கும் அவருக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம். ரங்கூனில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, ஆளுயரக் கண்ணாடியும் சாயும் நாற்காலியும் போட்டுக் கடை திறந்திருந்தார். கண்ணாடியில் தன் முதுகைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்த காலம் அது.

அவருக்குக் கோபமே வராது. வந்திருந்தால் நன்றாயிருக்கும். நாம் கத்தியைத் தப்பாகப் பிடித்தால் ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்து வாங்கி, மடக்கி, தன் இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்து நம் கையில் கொடுப்பார். கடை பூராவும் கூட்டி முடித்து, என்ன தப்பு என்று நாமாகப் போய்க் கேட்கிறவரை கத்தி திரும்பி வராது. முதல் மாசம் நான் கூட்டிய கூட்டுக்குக் கடைத்தரை தேய்ந்திருக்க வேண்டும்.

அவர் கல் தேர்ந்தெடுத்ததை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊரில் பெரிய வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வந்த சாமான்களில் உடைந்துபோனதையெல்லாம் மதிலோரம் குவித்துப் போட்டிருந்தார்கள். பளிங்குத் துண்டு, பூப்போட்ட ஓட்டுத் துண்டு, நடுவில் கறுப்புச் சிலேட்டுக்கல் பலகைகள். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு அண்ணன் அந்தக் குவியலில் ஏறி உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு பழைய கத்தியும்தான் கையில். நான் அழகாக வழுவழுவென்று இருந்த ஒரு பலகையை எடுத்துக் கொடுத்தேன். அதை நனைத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளை நரம்பு ஒன்று மயிரிழையாக ஓடியது. நரம்பு கல்லைவிடக் கெட்டி, அதன்மேல் போகிறபோதெல்லாம் கத்தியின் வெட்டும் வாய் தடுக்கி விழும் என்றார். அடுத்தது தண்ணீரைத் தெளித்த உடனே குடித்துவிட்டது. அது பொறபொறத்த கல், ஆகாது. இன்னொன்றைச் சுண்டினார். வெடித்த சட்டி மாதிரி ஒலித்தது, வைத்துவிட்டார்.

கடைசியில் எடுத்தது பார்க்கவே லட்சணமில்லாத ஒரு கல். ஒரு மூலை உடைந்து, மேலெல்லாம் சாந்து ஒட்டியிருந்தது. அதை நனைத்து மோந்து பார்த்தார். புதுமழை மண் வாசனை வந்தது. பழைய கத்தியை அதில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கல் கரைந்து ஊறிய சாம்பல்நிறப் பாலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். "தொட்டுப் பாரு. ஒரு குறுமணிகூட இல்ல," என்றார். தொட்டேன். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்பது தெரிந்தது. அது என்னவென்று விரலால் சொல்ல முடியவில்லை. கல்லுக்குள் இப்படி ஒரு மென்மை இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

கல்தச்சரிடம் கொடுத்து அதை ஒரே அளவில் மூன்று துண்டாக அறுத்து வாங்கினார். ஒரு துண்டில் கத்தி தீட்டப் போகிறோம், மற்ற இரண்டும் உடைந்தால் மாற்றுக்கு என்று நான் எண்ணிக்கொண்டேன். கல்லை மட்டமாக்கு என்று சொல்லிவிட்டு அண்ணன் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு துண்டை எடுத்து, தண்ணீர் விட்டு, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனது. அரைநாள் தேய்த்தபிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டன பாருங்கள், மேல்கல்லைத் தூக்கினால் கீழ்க்கல்லும் கூடவே வந்தது! இதைவிட மட்டம் இந்தச் சீமையிலேயே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

அண்ணன் வந்தார். கத்தியின் முதுகை முதல் கல்லின்மேல் நிறுத்தி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் வெளிச்சம் ஒழுகியது. கல் குழிந்திருந்தது. இரண்டாவது கல்லில் இரண்டு ஓரமும் ஒழுகின. அது முதுகு எழுப்பியிருந்தது. குழியும் முதுகும் சட்டியும் மூடியுமாய்ப் பொருந்தித்தான் என்னை ஏமாற்றியிருக்கின்றன. மேலே வைத்துத் தேய்க்கிற கல் குழிந்துகொண்டே போகும், கீழே இருப்பது எழும்பிக்கொண்டே வரும், எத்தனை நாள் தேய்த்தாலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும் என்றார். எனக்கு விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று தெரியும், நானே போய் எடுத்துக்கொண்டேன்.

அன்று கூட்டி முடித்தபிறகு அவர் சொல்லித் தந்ததைத்தான் இப்போது கடையில் இருக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். மூன்று கல் வேண்டும். ஒவ்வொன்றிலும் கரியால் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். முதல் கல்லை இரண்டாவதோடு தேய்த்து, இரண்டாவதை மூன்றாவதோடு தேய்த்து, மூன்றாவதை முதலாவதோடு தேய்க்க வேண்டும். மேலே இருந்ததைக் கீழே மாற்றி, நீளவாட்டில் தேய்த்ததைக் குறுக்குவாட்டில் திருப்பி, திரும்பத் திரும்ப அதே சுற்று. குழிந்த கல் முதுகுக்கல்லோடு சிநேகமாக இருக்கும், ஆனால் இன்னொரு குழிக்கல்லோடு ஒட்டாது. மூன்றும் மூன்றோடும் ஒட்ட வேண்டுமென்றால் மூன்றுமே மட்டமாவதைத் தவிர வேறு வழியே கிடையாது. கரிக்கோடு நடுவிலும் ஓரத்திலும் ஒரே சமயத்தில் அழிந்தால் வேலை முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து பொய் சொல்லலாம், மூணு பேர் பொய் நிக்காது என்பார் அண்ணன். ரங்கூனில் ஒரு அரிசி மில் மெக்கானிக் இரும்புப் பலகைகளை இப்படி மட்டம் பார்த்ததை வேடிக்கை பார்த்துத்தான் இதைக் கற்றாராம்.

மட்டம் என்ற ஒன்று இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தரையில் இல்லை, பலகையில் இல்லை. காற்றடிக்காத நேரத்து ஊருணித் தண்ணீரில் இருக்கிறது, அதையும் எடுத்து வந்து கல்லின்மேல் வைக்க முடியாது. எந்த அளவுகோலையும் பார்க்காமல், மூன்று முரட்டுக் கல் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு மட்டமாகிவிடுகின்றன. முதல்முறை அந்த மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கத்தி முதுகுக்குக் கீழே ஒரு இழைகூட ஒழுகாததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட அப்படிச் சிலிர்த்ததில்லை, சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

கல் மட்டமாக இருந்தால் தீட்டுவது பாதி முடிந்த மாதிரி. கத்தியைப் படுக்க வைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். வாய் முன்னால் போக, அடியிலிருந்து நுனிவரை கல் முழுதும் படுகிற மாதிரிச் சாய்வாகத் தள்ள வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும், வாயின்மேல் புரட்டினால் அதுவரை செய்தது அத்தனையும் வீண். அமுக்கவே கூடாது, கத்தியின் பாரமே போதும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். வாய் கூர்மையாக ஆக அந்தச் சத்தம் இறங்கிக்கொண்டே போய், கடைசியில் ஈரத்துணியைத் தடவுகிற மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் கடையில் யாராவது பேசினால் அண்ணன் கையை நிறுத்திவிடுவார், பேச்சு முடிந்தபிறகுதான் கை நகரும். கடைசியில் கட்டைவிரல் நகத்தை நனைத்து அதன்மேல் வாயைப் பாரமில்லாமல் இழுத்துப் பார்ப்பார். எண்ணெயில் வழுக்குகிற மாதிரிப் போனால் சரி. எங்காவது நகத்தைக் கவ்வினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத பல் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பல்லால்தான் எங்களுக்கு ஒருமுறை பெரிய சோதனை வந்தது.

ஒருநாள் காலையில் பள்ளத்தூரிலிருந்து ஒரு செட்டியார் வில்வண்டியில் வந்து இறங்கினார். கூடவே அந்த வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சவரம் செய்கிற குடிமகனும் வந்தார். குடிமகன் இருக்கும்போது அடுத்த கடைக்கு வருகிற வழக்கம் கிடையாது, எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடிமகனே சொன்னார். செட்டியார் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு இளையாத்தங்குடிக் கோயிலில் முதல் முடி இறக்க வேண்டும், தன்னால் ஆகாது, வேறு யார் செய்தாலும் தனக்கு வருத்தமில்லை என்று. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளையைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது என்று அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தூருக்குப் போனார். வீட்டின் உள்முற்றமான வளவுக்கு வெளியே உட்கார்ந்தோம். செட்டியார் மனைவி, ஆச்சி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வயது முடிந்திருக்கும், சாத்தப்பன் என்று பேர். கழுத்துவரை சுருட்டை முடி. முழங்காலில் புளியங்கொட்டை நிறத்தில் பெரிய கன்றல் இருந்தது. தவழ்ந்து விளையாடியதற்கே அப்படி ஆகுமாம்.

"எங்கூடப் பொறந்த தம்பி பல்லு விழுந்தே செத்துப் போனான்," என்றார்கள் ஆச்சி. "எம் மூத்த மகன் படியில தடுக்கி வாயில அடிபட்டுப் போனான். ரெண்டு பேருக்கும் ரத்தம் நிக்கவே இல்ல. இவனுக்கும் அப்படித்தான்னு வைத்தியர் சொல்லிட்டாக. இரும்பே படக்கூடாதுங்கிறாக."

அண்ணன் பிள்ளையின் தலைமுடிக்குள் விரலை விட்டு மெள்ளத் துழாவினார். எங்கே மேடு, எங்கே சுழி, எங்கே மரு என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிள்ளைக்கு அது சுகமாக இருந்தது, அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. பிறகு அண்ணன், கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிக் கொடுத்துவிடலாமே, சாமி வேண்டாமென்றா சொல்லும் என்று கேட்டார். நான் உள்ளுக்குள், அப்படியே முடிந்துவிடட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

ஆச்சி சத்தம் போடவில்லை. "மூத்தவனுக்கு மொட்டை போடுறதா நேந்துட்டு, பயந்துபோய்த் தள்ளித் தள்ளிப் போட்டோம். தள்ளிப் போட்டும் அவன் போயிட்டான். இவனுக்கும் நான் சாமிகிட்டப் பேரம் பேசவா? நீங்களே சொல்லுங்க," என்றார்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "செஞ்சிருவோம் ஆச்சி," என்றார் கடைசியில்.

திரும்பும்போது வண்டியில் நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். பேன் பார்க்கிற மாதிரித் தலையைத் தடவிவிட்டு வாக்குக் கொடுத்துவிட்டீர்களே, ஒரு சொட்டு விழுந்தால் நாம் இந்தச் சீமையில் இருக்க முடியுமா, அந்தத் தாய் முகத்தில் முழிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். "எனக்குப் பயமா இருக்குடா சொக்கா. அதான் ஒத்துக்கிட்டேன். பயமில்லாத எவனாச்சும் போய்ச் செஞ்சான்னா என்ன ஆகும்?" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் அவர் யாருக்கும் கத்தி எடுக்கவில்லை. மெல்லிய அலகுடைய ரங்கூன் கத்திகள் இரண்டைத் தேர்ந்தெடுத்தார். மூன்று கல்லையும் புதிதாகச் சுற்றில் விட்டுத் தேய்த்து மட்டமாக்கினோம். அவர் தீட்டி முடித்தபிறகு என் கை மயிரை வழித்துப் பார்த்தார். கத்தி தோலைத் தொட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. மயிர் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைக் கூர்மை என்று சொல்வதே குறைவு என்று பட்டது.

நல்ல நாள் பார்த்து இளையாத்தங்குடிக்குப் போனோம். குளக்கரைப் படியில் நானும் அண்ணனும் சவரச் சாமான் பையான அடப்பத்தைப் பிரித்து, கத்திகளையும் கற்களையும் வரிசையாக வைத்தோம். செட்டியார் பெரிய தாம்பாளத்தில் தேங்காய் பழம் வெற்றிலையோடு வந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. ஆயுதங்களையும் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்துவிடுகிறேன், எனக்கு அப்போதுதான் தைரியம் வரும் என்று கையை நீட்டினார். அண்ணன் ஒரு நொடி தயங்கினார். பெற்ற தகப்பன் கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கத்தியும் மூன்று கல்லும் தாம்பாளத்தில் ஏறின. தீட்டுகிற வார் தோல் என்பதால் அதை மட்டும் வைக்கவில்லை. நாங்கள் உள்ளே போகிற வழக்கமில்லை, வெளியிலேயே நின்றோம்.

தாம்பாளம் திரும்பி வந்தது. கத்திகள் விரிந்திருந்தன. அலகு நெடுகத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டிருந்தார்கள். மூன்று கல்லுக்கும் பட்டை பட்டையாகத் திருநீறும் நடுவில் சந்தனப் பொட்டும். போதாததற்கு, கத்தியில் அதிகமாகப் படிந்திருந்த திருநீற்றைச் செட்டியார் தன் அங்கவஸ்திரத்தால் பக்தியோடு துடைத்தும் விட்டிருந்தார். திருநீற்றில் மணல் இருக்கும். சந்தனம் இழைக்கிற கல்லின் பொடி சந்தனத்தில் இருக்கும். பிள்ளைமேல் கொண்ட பிரியத்தில் அந்த மனிதர் கத்தியின் வாயில் மணலைப் போட்டு இழுத்துவிட்டார்.

அண்ணன் முகம் மாறவில்லை. கத்தியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரலில் ஒட்டிய திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு கட்டைவிரல் நகத்தைக் குளத்துத் தண்ணீரில் நனைத்து வாயை இழுத்துப் பார்த்தார். கவ்வியது. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்திலும் கவ்வியது. அடுத்த கத்தியும் அப்படியே.

"இன்னொரு தரம் தீட்டணும்," என்றார் அண்ணன். அதற்கு முன்னால் கல்லைக் கழுவித் தேய்த்து மட்டம் பார்க்க வேண்டும் என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சாமி பிரசாதத்தைக் கழுவுவதா, ராகுகாலம் பிறந்துவிடுமே, அபசகுனம் அது இது என்று பெரியவர்கள் பேசினார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது மெள்ள மெள்ள விளங்க, செட்டியார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் ஆச்சியைப் பார்த்தார். "ஆச்சி, பிள்ளைய ஐயாகிட்டக் குடுத்துட்டு இங்குட்டு வாங்க. செம்புல தண்ணி மோந்து இந்தக் கல்லு மேல நீங்களே ஊத்துங்க. அபிஷேகம்னு நெனச்சு ஊத்துங்க."

ஆச்சி இறங்கி வந்தார்கள். வைரத்தோடும் பட்டுப்புடவையும் அணிந்த அந்த வீட்டம்மாள் குளத்துப் படியில் எங்களுக்கு நேரே குந்தி உட்கார்ந்து, பித்தளைச் செம்பில் தண்ணீர் மோந்து மோந்து ஊற்றினார்கள். திருநீறும் சந்தனமும் கரைந்து குளத்துக்கே திரும்பிப் போயின. நானும் அண்ணனும் தேய்த்தோம். முதல் கல்லை இரண்டாவதில், இரண்டாவதை மூன்றாவதில், மூன்றாவதை முதலாவதில். கல்லில் பதிந்திருந்த மணல் முதலில் கிரீச்சென்று கத்தியது. ஆச்சியின் உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. சாம்பல்நிறப் பால் படியிறங்கி ஓடியது. கத்தல் குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் மூன்று கல்லும் ஒன்றையொன்று விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டன. முணுமுணுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்கள். அந்தக் குளக்கரையில் அப்போது நடந்ததுதான் பூஜை என்று எனக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அண்ணன் கத்தியைக் கல்லில் படுக்க வைத்தார். அவசரமே இல்லை. ராகுகாலத்தையும் செட்டியாரையும் என்னையும் மறந்துவிட்டார். சத்தம் இறங்கி இறங்கிக் காணாமல் போனது. வாரில் இழுத்துவிட்டு நகத்தில் பார்த்தார். பிறகு என் நகத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வழுக்கிக்கொண்டு போனது.

முதல் முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமன்தான் பல் விழுந்து போன தம்பி. அதனால் ஆச்சியே சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் புது வெள்ளை வேட்டியை விரித்து, பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். ஏன் வெள்ளை என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தலையைத் தேய்த்து ஊறவைத்தார். பிள்ளைக்குக் கண் சொருகியது. இடது கை விரல்களால் தோலை மெள்ள இழுத்துப் பிடித்துக்கொண்டு உச்சியிலிருந்து ஆரம்பித்தார். முடி சுருள் சுருளாக வேட்டியில் விழுந்தது. கத்தி போன இடம் தெரிந்தது, போகிற சத்தம் கேட்கவில்லை. உச்சி முடிந்தது. நெற்றிப் பக்கம் முடிந்தது. பின்னந்தலை முடிந்தது.

இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம்தான் பாக்கி. கோயிலில் திடீரென்று மணியும் மேளமும் முழங்கின. பிள்ளை திடுக்கிட்டுத் தலையைத் திருப்பியது. அண்ணன் கை நின்றது. ஒரே ஒரு கணம்தான். பிறகு காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மிச்சத்தையும் வழித்து முடித்து, கத்தியை மடக்கினார்.

அப்போதுதான் வேட்டியைப் பார்த்தேன். கறுப்பு முடிக்கு நடுவில் சிவப்பாக ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. நான் பார்க்கும்போதே மூன்றாவது விழுந்தது.

செட்டியாரும் பார்த்துவிட்டார். போச்சே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். யாரோ ஒரு அம்மாள் சாமி பேரைச் சொல்லி ஓலமிட்டார்கள். ஆச்சியின் முகத்தில் இருந்த உயிர் அப்படியே வடிந்துபோனது. கையைப் பிள்ளையின் மொட்டைத் தலையில் வைத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை, காதுக்குப் பின்னால், திரும்பவும் உச்சிவரை தடவினார்கள். கையைத் திருப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் ஈரம்தான் இருந்தது. பிள்ளை தலை கூசிச் சிரித்தது.

அண்ணன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆட்காட்டி விரல் கணுவுக்குக் கீழே வெட்டுப்பட்டுத் திறந்திருந்தது. பிள்ளை திரும்பின அந்தக் கணத்தில் கத்திக்கும் காதுக்கும் நடுவில் தன் விரலைக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, மிச்சச் சவரத்தையும் அந்தக் கையாலேயே, ஒரு சொட்டும் பிள்ளைமேல் படாமல் பிடித்துச் செய்து முடித்திருக்கிறார்.

ஆச்சி மடியில் கிடந்த வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். கிழிசலோடு அவர் விரலைப் பிடித்துக் கட்டப் போனார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எங்களவர் கையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் கூச்சத்தோடு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் ஆச்சி," என்றார். "என் ரத்தம் நின்னுரும்."

ஆச்சி கேட்கவில்லை. கையை இழுத்துப் பிடித்து, இறுக்கிக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் அழுதார்கள்.